“முதலில் எங்க போறது?” – பாலியல் வன்முறை குறித்து வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்கள் முடிந்து எல்லோரும் எழுந்து போன பின், கதிரை அடுக்க உதவுவதுபோல ஒருவர் மட்டும் பின்தங்கி நின்று கேட்ட கேள்விகள் இவை. புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் பூநகரியிலும் ஏறத்தாழ ஒரே கேள்விகளே ஒரே தயக்கத்துடன் வந்தன. கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை அப்படியே வைத்து, அவர்களை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கியிருக்கிறேன். நான் சட்டத்தரணியும் இல்லை, வைத்தியரும் இல்லை. வைத்தியசாலைக்கும் பொலிஸ் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் பிறருக்குத் துணையாகப் போய்வந்தவள்.

பாலியல் வன்முறை எண்டா கெடுக்கிறது மட்டும்தானே? தொட்டதுக்கும் சொன்னதுக்கும் எல்லாம் போய் நிக்க ஏலுமே?

ஏலும். தண்டனைச் சட்டக்கோவையில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் சேர்த்த 345ஆம் பிரிவின்படி, விருப்பமில்லாத பாலியல் சீண்டல், சொல்லாலோ செயலாலோ செய்யும் தொந்தரவு, அதிகாரத்தில் இருப்பவர் தம் நிலையைப் பயன்படுத்திக் கொடுக்கும் பாலியல் தொல்லை ஆகிய அனைத்தும் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாகும். பஸ் நெரிசலில் உரசுபவரும், வேலைத்தலத்தில் ஆபாசமாகக் கதைக்கும் மேற்பார்வையாளரும் இதற்குள் அடங்குவர். வல்லுறவும், பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகமும் தனித்தனிப் பிரிவுகளில் மேலும் கடுமையான தண்டனைகளுடன் வருகின்றன.

“கெடுக்கிறது” என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. அது செய்தவனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பாதிக்கப்பட்டவளைப் பழுதான பொருளாக்கிவிடுகிறது.

இப்பிடி ஒண்டு நடந்தா முதல்ல எங்க போறது? பொலிஸுக்கோ, ஆசுப்பத்திரிக்கோ, ஜீ.எஸ்.இட்டயோ?

வைத்தியசாலைக்கு. காயத்திற்கு மருந்து போடுவதற்காக மட்டுமன்று. மணிக்கணக்கில் காலம் கடந்துகொண்டிருப்பதாலும்தான் இப்படிச் சொல்கிறேன். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கி 28 நாள்கள் எடுக்க வேண்டும். அந்த நேரம் கடந்தால் அதனால் பயனில்லை. கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையும் 72 மணித்தியாலங்களுக்குள் எடுக்கப்பட வேண்டியதே. ஐந்தாம் நாள் வரை ஓரளவு பயன் தரும், ஆனால் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. உடலில் உள்ள சான்றுகளும் நாளுக்கு நாள் அழிந்துபோகின்றன.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளே இதற்குப் பொருத்தமானவை. துணுக்காய்ப் பக்கத்தில் இருப்பவர் மல்லாவி ஆதார வைத்தியசாலைக்கும், முழங்காவிலில் இருப்பவர் அங்குள்ள வைத்தியசாலைக்கும் முதலில் போகலாம். நீதிமன்றத்திற்கான பரிசோதனையைச் செய்யும் சட்ட வைத்திய அதிகாரி எல்லா இடங்களிலும் இருப்பதில்லை என்பதால் அங்கிருந்து அம்புலன்ஸில் மாற்றி அனுப்புவார்கள். இரவு நேரத்தில் வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஜீ.எஸ். எனப்படும் கிராம அலுவலருக்கு அறிவிப்பது பிறகும் செய்யக்கூடியது. அவருடைய கடிதம் இல்லாமல் வைத்தியசாலைக்கோ பொலிஸுக்கோ போக முடியாது என்பது வெறும் கதை.

பொலிஸில முறைப்பாடு போடாட்டி டொக்டர் பாக்க மாட்டார் எண்டு சொல்லுகினம். உண்மையோ?

சிகிச்சையையும் சட்ட வைத்தியப் பரிசோதனையையும் ஒன்றாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. சிகிச்சைக்கு முறைப்பாடு தேவையில்லை. நீதிமன்றத்திற்குப் போகும் அறிக்கைக்கான பரிசோதனைக்கு மட்டும் பொலிஸார் வழங்கும் படிவம் வேண்டும். பெரிய வைத்தியசாலைகளில் பொலிஸ் காவலரண் இருப்பதால் அதை அங்கேயே பெறலாம். பரிசோதனைக்குப் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் அவசியம். அவர் எந்த இடத்திலும் “போதும்” என்று சொல்லலாம். கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

வாசலில் நின்று எல்லோர் முன்னிலையிலும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பல அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்குள்ளான பெண்களுக்கென ‘நட்பு நிலையம்’ என்ற பிரிவு இயங்குகிறது. சிங்களத்தில் ‘மிதுரு பியச’ என்பர். வெளிநோயாளர் பிரிவுத் தாதியிடம் “நட்பு நிலையத்திற்குப் போக வேண்டும்” என்று சொன்னால் போதும். இந்த ஒரு வசனம் எத்தனையோ பேரை வரிசையில் நின்று கூசுவதிலிருந்து காப்பாற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

குளிச்சிட்டாள், உடுப்பையும் தோய்ச்சிட்டாள். இனிப் போய் என்ன பிரயோசனம்?

மேலே சொன்ன மருந்துகளுக்குக் குளித்ததும் குளிக்காததும் ஒன்றே. ஆகவே போக வேண்டும். சான்றுகள் குறைந்திருக்கலாம், முற்றாக இல்லாமற் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. இன்னும் தோய்க்காத உடுப்பு இருந்தால் அதைக் கடதாசிப் பையில் போடுங்கள். சொப்பிங் பையில் கட்டினால் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப் பழுதாகிவிடும். உடலில் காயமில்லையே என்ற கவலையும் வேண்டாம். எதிர்த்துப் போராடிய காயம் இருந்தால்தான் சம்மதமின்மையை நிரூபிக்கலாம் என்றில்லை எனச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவிலேயே விளக்கமாக எழுதப்பட்டிருக்கிறது.

பொலிஸுக்குப் போனா என்ன கேப்பினம்? அவைக்குத் தமிழும் தெரியாதே.

பொலிஸ் நிலையங்களில் பெண்கள் மற்றும் சிறுவர் பிரிவு உண்டு; அங்கு ஒரு பெண் உத்தியோகத்தரிடம் வாக்குமூலம் கொடுக்கவே கேளுங்கள். வடக்கு மாகாணத்தின் நிர்வாக மொழி தமிழ் என்பதை அரசியலமைப்பே சொல்கிறது. ஆகவே தமிழில் எழுதித் தரும்படி கேட்பது சலுகை கேட்பதாகாது. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும் வரை கையொப்பமிட வேண்டாம். பெரும்பாலான வழக்குகள் நீதிமன்றத்தில் தடுமாறுவதற்கு முதல் நாள் வாக்குமூலத்திலுள்ள பிழைகளே காரணம் என்பது நீதிமன்ற விறாந்தைகளில் காத்திருந்து நான் கண்டது. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டே வெளியே வாருங்கள்.

ஒரு முறை ஒரு தாயுடன் போனபோது, “நாளைக்கு வாங்கோ, பொறுப்பதிகாரி இல்லை” என்று மூன்று நாள்கள் திருப்பி அனுப்பினார்கள். அப்படி நேர்ந்தால் அதே வாசலில் நான்காம் நாளும் நிற்காதீர்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்திற்குப் போகலாம். 119 அல்லது பெண்கள், சிறுவர் பணியகத்தின் 109 இலக்கத்திற்கு அழைக்கலாம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்திலும் முறையிடலாம். செய்தவர் படையினராக இருந்தாலும் முறைப்பாடு சிவில் பொலிஸாரிடமும், வழக்கு இராணுவ நீதிமன்றத்தில் அல்லாமல் சாதாரண நீதிமன்றத்திலும் நடக்கலாம். 2010இல் விசுவமடுவில் நடந்த கூட்டு வல்லுறவுச் சம்பவத்தில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் 2015 ஒக்டோபரில் இராணுவத்தினர் நால்வரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அவ்வழக்கு பின்னர் மேன்முறையீட்டுக்கும் சென்றது. இத்தகைய வழக்குகள் எவ்வளவு நீளும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேப்பரில, பேஸ்புக்கில பேர் வந்திடாதோ? தங்கச்சிமாருக்கும் கலியாணம் நடக்க வேணுமே.

பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அவரை அடையாளம் காட்டக்கூடிய வேறு விபரத்தையோ வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சீ பிரிவின் கீழ் தண்டனைக்குரிய குற்றம். பெயரை மறைத்துவிட்டு, “இன்ன ஊர், இன்ன பாடசாலையில் இன்ன வகுப்பு” என்று எழுதுவதும் அடையாளம் காட்டுவதே. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊரில் அதற்கு மேல் என்ன வேண்டும்? வழக்கு விசாரணையின்போது பொதுமக்களை வெளியேற்றவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. சட்டத்தரணி மூலம் அதைக் கேட்க வேண்டும்.

சட்டம் இருந்தும் நாங்களே மீறுகிறோம் என்பது வேறு கதை. 2015இல் புங்குடுதீவு மாணவியின் கொலையைக் கண்டித்து வடக்கெங்கும் கடையடைப்பு நடந்தபோது, அந்தப் பிள்ளையின் படமும் பெயரும் பதாகைகளில் ஊர் ஊராகத் தொங்கின. கோபம் நியாயமானது, படம் தேவைப்படவில்லை.

ஊருக்குள்ளயே பேசி முடிச்சா என்ன? அவனும் கட்டுறன் எண்டுறான்.

இணக்கம் பேசித் தீர்க்கக்கூடிய குற்றமன்று இது. காணித் தகராறும் கடன் தகராறும் போகும் மத்தியஸ்த சபைக்கு வல்லுறவு வழக்கு போகாது. கோயில் நிர்வாகமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ கூடியிருந்து தண்டம் விதித்து முடிப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. திருமணம் செய்துகொள்வதால் நடந்த குற்றம் இல்லாமற் போவதுமில்லை. பெண் 18 வயதிற்குக் குறைந்தவராயின் பொதுச் சட்டத்தின் கீழ் அந்தத் திருமணமே செல்லாது.

ஒன்றைக் கேட்கிறேன்: “கட்டுறன்” என்று அவன் சொன்னதைப் பற்றி அரை நாள் பேசிய கூட்டத்தில், அவளிடம் யாராவது கேட்டார்களா? நான் போன இரண்டு கூட்டங்களிலும் அவளை உள்ளே கூப்பிடவே இல்லை.

பிள்ளைக்குப் பதினைஞ்சு, பெடியனுக்குப் பதினேழு. விரும்பித்தான் போனவை. இதுவும் கேஸோ?

ஆம். பெண் பிள்ளைக்கு 16 வயது நிறையவில்லையெனில் அவளுடைய சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக எடுப்பதில்லை. வைத்தியசாலையில் கர்ப்பம் தெரியவந்தாலும் பொலிஸுக்கு அறிவிக்கவே செய்வார்கள். எனினும், செய்தவர் 18 வயதிற்குட்பட்டவராகவும் பிள்ளை விரும்பிச் சென்றதாகவும் இருந்தால், பத்து ஆண்டுகளுக்குக் குறைந்த தண்டனை விதிக்க நீதிபதிக்கு இடம் விடப்பட்டிருக்கிறது. இரு வீட்டாரும் பயத்தில் பிள்ளைகளை உறவினர் வீட்டில் ஒளித்து வைப்பதுண்டு. அவ்வாறு செய்தால் கிளினிக்கும் பாடசாலையும் இல்லாமல் பிள்ளைதான் வாடும். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ நன்னடத்தை உத்தியோகத்தரையோ முதலில் சந்தியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இரவு பகலாக இயங்கும்.

கட்டின மனிசன் செய்தா அது வல்லுறவோ?

சட்டத்தின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. நீதிமன்றம் பிரித்து வைத்த தம்பதியர் விடயத்தில் மட்டுமே கணவன் செய்வது வல்லுறவாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்: முதலில் 14 நாள்களுக்கு இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பின் 12 மாதங்கள் வரையான கட்டளை. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கான 1938 இலக்கத்தில் தங்குமிடம் பற்றியும் கேட்கலாம்.

ஆம்பிளப் பிள்ளையளுக்கும் இது நடக்குமோ?

நடக்கிறது, அதைவிடக் குறைவாகவே சொல்லப்படுகிறது. வல்லுறவு என்ற பிரிவு பெண்ணைப் பற்றியே பேசினாலும், ஆண் பிள்ளைக்கு நடந்தது பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற பிரிவின் கீழ் வரும். போக வேண்டிய இடங்களும் மருந்துகளும் மேலே சொன்னவையே.

லோன் காசு வாங்க வாறவன் இருட்டின பிறகுதான் வாறான். வீட்டுத்திட்டத்துக்குக் கையெழுத்து வைக்கிறவர் “தனிய வாங்கோ” எண்டுறார். கை வைக்காததுக்கு என்னெண்டு முறையிடுறது?

முதல் பதிலில் சொன்ன 345ஆம் பிரிவு இருவருக்கும் பொருந்தும். அரச அதிகாரி விடயத்தில் இன்னொரு பிடியும் இருக்கிறது: 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், கடமையைச் செய்வதற்குப் பாலியல் இணக்கம் கேட்பதையும் இலஞ்சமாகக் கொள்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்திற்கு முறையிடலாம். “தனிய வாங்கோ” என்ற குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். அழைப்பு வந்த நேரத்தைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அலுவலகத்திற்கு இன்னொருவருடன் போங்கள். அதிகாரிகள் கணவன் இல்லாத வீடு எது என்பதைப் பட்டியலிலிருந்தே அறிந்துகொள்கிறார்கள். போருக்குப் பின் இங்கே பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பட்டியல் உதவி கொடுக்கத் தயாரிக்கப்பட்டது.

கடன் சேகரிப்பவர் விடயத்தில் சங்கமாகச் செயற்படுவது பலன் தரும். ஒரு ஊரில் பெண்கள் கூடி, தவணைப் பணம் பகலில், சனசமூக நிலையத்தில், எல்லோரும் இருக்கும்போது மட்டுமே கொடுக்கப்படும் என்று முடிவெடுத்து நிறுவனத்திற்குக் கடிதம் கொடுத்தார்கள். முதல் மாதம் முணுமுணுத்தவர் அடுத்த மாதம் சனசமூக நிலையத்திற்கே வந்தார்.

வயித்தில தங்கிட்டுது. கலைக்க ஏலுமோ?

தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே கருக்கலைப்பை இலங்கைச் சட்டம் அனுமதிக்கிறது. வல்லுறவால் உண்டான கர்ப்பத்திற்கும் விதிவிலக்கு இல்லை. இது நியாயமா என்பது வேறு விடயம். நான் நியாயம் என்று நினைக்கவில்லை. ஆனால் களவாகச் செய்பவரிடம் போய் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் கிளினிக் பதிவும் உளவளத்துணையும் கிடைக்கும். குழந்தையை வளர்க்க இயலாதவருக்கு, நன்னடத்தைத் திணைக்களத்தின் ஊடாகச் சட்டப்படி தத்துக் கொடுக்கும் வழி உண்டு. இந்த நிலைக்கு வராமலிருக்கவே முதல் 72 மணித்தியாலங்களைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

பிள்ளை என்னட்டத்தான் சொன்னது. நான் என்ன செய்ய வேணும், என்ன செய்யக் கூடாது?

அயலவரோ ஆசிரியையோ பெரியம்மாவோ, யாராக இருந்தாலும் முதற்கேட்பவர் நீங்கள். அதன் பிறகு அவர் யாரிடமும் சொல்வாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் உங்கள் முகத்தைப் பார்த்தே தீர்மானமாகிறது. “ஏன் அந்த நேரம் அங்க போனனீ?” என்று கேட்காதீர்கள். “ஏன் கத்தேல்லை?” என்றும் கேட்காதீர்கள், பயத்தில் உடல் உறைந்துபோவது சாதாரணமாக நடப்பது. நடந்ததை மீண்டும் மீண்டும் சொல்லச் சொல்லவும் வேண்டாம். விபரத்தைக் கேட்க வேண்டியவர்கள் வைத்தியரும் பொலிஸாருமே. உங்களிடம் பல முறை பலவிதமாகச் சொன்னது பின்னர் நீதிமன்றத்தில் முரண்பாடாகக் காட்டப்படவும் கூடும். அவர் தானாகச் சொன்ன சொற்களை, சொன்ன திகதியுடன், அன்றிரவே எழுதி வையுங்கள்.

“ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்” என்று சிறு பிள்ளைக்குச் சத்தியம் செய்ய வேண்டாம். நீங்கள் சொல்லத்தான் வேண்டியிருக்கும், அப்போது அந்தப் பிள்ளை இரண்டாம் முறையும் ஏமாற்றப்பட்டதாக உணரும். “உனக்கு உதவி செய்யக்கூடிய ஆக்களிட்ட மட்டும் சொல்லுவன்” என்று சொல்லலாம். வளர்ந்த பெண்ணாயின் முடிவு அவருடையது. நீங்கள் வழிகளைச் சொல்லலாம், கூடப் போகலாம், இழுத்துக்கொண்டு போக முடியாது. செய்தவன் வீட்டுக்குள்ளேயே இருப்பவன் என்றால் அந்த வீட்டாரிடம் முதலில் போய் விசாரிக்கக் கூடாது. அன்றிரவே பிள்ளையின் வாய் அடைக்கப்பட்டுவிடும். நேரே 1929க்கு அழையுங்கள். அடுத்த நாள் காலையில் என்ன சாப்பிட்டார், நித்திரை கொண்டாரா என்று கேட்கப் போங்கள். எல்லோரும் முறைப்பாட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கும்போது, நித்திரையைப் பற்றிக் கேட்பவரைத்தான் அவர் பிறகும் தேடுவார்.

நடக்க முதல் தடுக்க எங்கட சங்கத்தால என்ன செய்ய ஏலும்?

தெரியாத ஆளைப் பற்றி மட்டும் பயமுறுத்துவதை முதலில் நிறுத்தலாம். செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவரே, பல வேளைகளில் வீட்டுக்குள் வந்து தேத்தண்ணி குடிப்பவர். எவர் தொட்டாலும் பிடிக்காவிட்டால் சொல்லலாம் என்பதையும், உடலுறுப்புகளுக்கு உண்மையான பெயர்கள் உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குத் தாயே சொல்லிக் கொடுக்கலாம். பெயர் தெரியாத பிள்ளையால் நடந்ததைச் சொல்ல முடியாது.

பிறகு ஊரை நடந்து பாருங்கள். ஒரு பின்னேரம், ஐந்தாறு பெண்கள், ஒரு கொப்பி. பிரதான வீதியில் பஸ் இறங்கி உள்ளே இரண்டு மூன்று கிலோமீற்றர் நடக்கும் பாதையில் பற்றை எங்கே வளர்ந்திருக்கிறது, எந்த மின்கம்பத்தில் விளக்கு எரிவதில்லை, பொதுக் கிணற்றடியில் மறைப்பு உண்டா, கசிப்பு விற்கும் இடம் ரியூசன் பாதையில் இருக்கிறதா, ஆளில்லாத எந்த அரைகுறை வீட்டில் பெடியன்கள் கூடுகிறார்கள் என்று எழுதுங்கள். விளக்கும் பற்றையும் பிரதேச சபைக்குரிய வேலை. எழுத்தில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். ரியூசன் விடும் நேரத்தைக் கடைசி பஸ்ஸுக்கு முன்னதாக்கும்படி ஆசிரியரிடம் கேட்பதற்கு ஒருவருடைய அனுமதியும் தேவையில்லை. விறகுக்கும் வயலுக்கும் கூட்டாகப் போவது நல்லதுதான், ஆனால் “பெட்டையள் வெளிய போகாதையுங்கோ” என்று முடிவெடுத்துவிட்டுக் கலையும் கூட்டத்தை நான் தடுப்பு வேலையாக எண்ணுவதில்லை. கூட்டத்திற்கு ஆண்களையும் கூப்பிடுங்கள்.

சண்டை முடிஞ்ச நேரம், முகாமில நடந்தது. இப்ப சொல்லி என்ன?

இதைக் கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்லர். ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2015 செப்டெம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, படையினரின் பாலியல் வன்முறைகளைப் பதிவு செய்திருக்கிறது. ஆகவே “எனக்கு மட்டும்தான் நடந்ததோ” என்ற எண்ணத்திற்கு இடமில்லை. சட்டத்தைப் பொறுத்தவரை, கொலையும் இராசத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொதுவாக நடந்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். 2009இல் நடந்தவற்றிற்கு அந்தக் காலம் 2029இல் முடிகிறது. முறையிட நினைப்பவர் சட்ட உதவி ஆணைக்குழுவிலோ, தாம் நம்பும் சட்டத்தரணியிடமோ இதைக் காலத்தோடு கேட்க வேண்டும். மிரட்டல் வந்தால், பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கோரலாம். சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம்.

முறையிட விரும்பாதவருக்கும் வழி உண்டு. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவிற்குப் போக, பொலிஸ் படிவமோ சாட்சியோ வேண்டியதில்லை. 1926 என்ற உளநல உதவி இலக்கத்திற்குப் பெயர் சொல்லாமலும் அழைக்கலாம். கேட்டவர்களில் ஒருவர், “நித்திரை வருதில்லை எண்டு மட்டும் சொன்னாக் காணுமோ?” என்றார். முதல் நாளைக்கு அது காணும்.